மேரியம்மா வூட்டு ஜன்னல்

நான் பிள்ளைச்சாவடி அஞ்சலாட்சி. மீன் விக்கிறவ. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு ஊருல சொல்லுவாங்க. நீளம் இல்லாத வாய வச்சிக்கினு தெருத்தெருவா மீன் வித்துப் பாருங்க, அப்பத் தெரியும். இது என் கதை இல்ல. நெல்லித்தோப்புல இருக்கிற ஆனந்தமேரி அம்மா கதை. அந்தம்மா தன் கஷ்டத்தத் தானா வாயத் தொறந்து யாருக்கும் சொல்லாது. அதான் நான் சொல்றேன்.

காலையில கரைக்குப் போயி மீன எடுத்துக்கினு, ஷேர் ஆட்டோ புடிச்சு டவுனுக்கு வந்து எறங்கினா, எனக்கு மொத போணி மேரிம்மா கையால தான். கைராசி அப்படி. அது நெத்திலி ஒரு கை வாங்கினாலும் போதும், அன்னிக்கு என் அன்னக்கூடை மத்தியானத்துக்குள்ள காலி. மாதா கோயிலுக்குப் பின்னாடி தெருவோட ஒட்டுன வூடு. வாசப்படிக்குப் பக்கத்துலயே பச்சை பெயிண்டு அடிச்ச பெரிய ஜன்னல். கண்ணாடி கிடையாது, சாய்வா அடுக்கி வச்ச மரப்பட்டிங்க தான். வெள்ளக்காரன் காலத்து வேலை. நடுவுல ஒரு குச்சி இருக்கும். அதத் தூக்கினா பட்டியெல்லாம் தொறந்துக்கும், எறக்கினா மூடிக்கும். உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரு தெரியும், தெருவுல போறவங்களுக்கு உள்ள இருக்கிறது தெரியாது.

நான் போயி பட்டியில ரெண்டு தட்டு தட்டுவேன். குச்சி மேல போவும்.

"இன்னாடி இன்னிக்கு?"

"சங்கரா இருக்குது, கெழங்கா இருக்குது. மூஞ்சக் காட்டினா மத்ததச் சொல்றேன்."

"என் மூஞ்சப் பாத்தா உன் மீனு செத்துப்பூடும்."

"அது ஏற்கனவே செத்துதாம்மா வந்திருக்குது."

இப்படித்தான் எங்க பேச்சு. பட்டி இடுக்குல விரல் மட்டும் வெளிய வரும், விரல் நுனியில மடிச்ச ரூபா நோட்டு. நான் அத வாங்கிக் கண்ணுல ஒத்திக்கினு போவேன். நான் தட்டித் தட்டி அந்த எடத்துல பெயிண்டே போயிடுச்சு, மரம் பளபளன்னு ஆயிடுச்சு.

மேரிம்மா புருஷன் பேரு அருளானந்தம். மில்லுல வேல. நல்ல மனுஷன், குடிச்சாலும் சத்தம் போடமாட்டாரு. பொண்ணு மெரின் பள்ளிக்கூடம் படிக்கறப்பவே நெஞ்சுவலியில போயிட்டாரு. அன்னிலேருந்து மேரிம்மா தையல் மிஷினு தான். வெளிச்சத்துக்காக ஜன்னலுக்குக் கீழயே மிஷினப் போட்டு வச்சிருந்துச்சு. தெருவுல போற பொம்பளைங்க ஜன்னல் வழியாவே துணியக் குடுப்பாங்க, அளவு ஜாக்கெட்டக் குடுப்பாங்க, அப்படியே மாமியார் கதையும் சொல்லிட்டுப் போவாங்க. மிஷினு ஓடிக்கினே இருக்கும், காதும் கேட்டுக்கினே இருக்கும். கண்ணு மங்கி மிஷினு நின்ன பொறவும் கதை மட்டும் நிக்கல.

மெரின் சின்னப்புள்ளையா இருந்தப்ப ராத்திரி படுக்கறதும் அந்த ஜன்னலுக்குக் கீழ தான். பட்டிய மூடினா தூங்காதாம், அழுவுமாம். தெரு லைட்டு வெளிச்சம் கோடு கோடா பாயில வுழணும், அப்பத்தான் அதுக்குத் தூக்கம். ஒருநாள் வெளாட்டா பட்டிக்குள்ள காலவுட்டு ஒண்ண ஒடைச்சிடுச்சு. அருளானந்தம் சைக்கிள் சக்கரக் கம்பி ஒண்ண வளைச்சு, ஒடஞ்ச பட்டிய சேத்துக் கட்டினாரு. "பெயிண்டு அடிக்கறப்ப புதுப்பட்டி போட்டுக்கலாம்"னாரு. போடல. அவரு போயிட்டாரு, கம்பி அப்படியே இருந்துச்சு.

மெரின் நல்லாப் படிச்சுது. பிரான்சு நேஷனாலிட்டி இருக்கிற குடும்பத்துல மாப்பிள்ள வந்தாரு. அங்கயே பொறந்து வளர்ந்தவரு, தமிழு கொஞ்சம் தான். கல்யாணம் ஆயி போயிடுச்சு. மேரிம்மா அன்னிக்கு அழுவல. "நல்ல எடம்டி, நான் ஏன் அழணும்"னு சொல்லிட்டு நெத்திலி வாங்கிச்சு. அடுத்த நாளும் நெத்திலி. ஒத்த ஆளுக்கு எதுக்கு இவ்ளோன்னு பாத்தா, பாதி பூனைக்குப் போவுது.

மெரினோட பெரிய புள்ள கைக்கொழந்தையா இருந்தப்ப ஒருதரம் வந்தாங்க. அப்ப மழக்காலம். செவுரு ஊறிப்போயி பேந்து வுழுது, ஜன்னல் பட்டி வழியா கொசு கூட்டம் கூட்டமா வருது. கொழந்த மேலெல்லாம் தடிச்சுப்போச்சு. மாப்பிள்ள ஒண்ணும் கோவமாப் பேசல, ஆனா ரெண்டொரு நாள்ல மூட்டையக் கட்டிக்கினு சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிட்டாங்க. அன்னிலேருந்து மேரிம்மாவுக்கு வூட்டு மேலயே கோவம். நான் ஜன்னலத் தட்டறப்பல்லாம் சொல்லும்: "அஞ்சல, எனக்கு வேற ஆசை கிடையாதுடி. என் பொண்ணு இந்த வூட்டுல ஒரு மாசம் படுத்து எழுந்திரிக்கணும். அவ்ளோ தான்."

பொண்ணு மட்டும் இன்னா, கல்லு மனசா? அதுவும் வாரம் தவறாம போன் பண்ணும். ஒருநாள் அதுவே சொல்லிச்சாம்: "அம்மா, முன்பக்கத்த மாடலா மாத்திடலாம். கொசு வராத மாதிரி, தூசி வராத மாதிரி. பணத்தப் பத்தி நீ யோசிக்காத. ஜூலைல லீவு வுட்டதும் வரோம். ஒரு மாசம் உங்கூடவே இருக்கோம்." மேரிம்மாவுக்கு அன்னிக்குக் கால் தரையில படல. மூட்டுவலிக்காரி வாசல் வரைக்கும் வந்து எனக்குச் சேதி சொல்லுச்சு.

பிரேம்குமாருன்னு ஒரு இன்ஜினியரு வந்தான். சின்ன வயசுப் புள்ள, மரியாதைக்காரன். போன்ல படம் காட்டினான். முன்பக்கம் பூரா சாம்பல் கலர் ஷீட்டு, மேலேருந்து கீழ வரைக்கும் கண்ணாடி, வாசல்ல ஸ்டீலு கேட்டு. நானும் எட்டிப் பாத்தேன்.

"ஏம்பா, இது வூடா, பேங்கா?"

"இதுக்குப் பேரு எலிவேஷன்க்கா. இப்ப எல்லாம் இதான் ஓடுது."

மேரிம்மா ஒண்ணே ஒண்ணு தான் கேட்டுச்சு. "ஜன்னல் தொறக்குமா தம்பி?"

"தொறக்கவே வேணாம்மா. ஏசி போடப்போறோமே. தொறந்தாத்தான கொசு வரும்?"

கொசுன்னு சொன்னதும் அந்தம்மா தலைய ஆட்டிடுச்சு. நான் இன்னா சொல்றது? என் வூடா, என் பொண்ணா? நானும் நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னேன்.

தட்டாஞ்சாவடி பட்டறையிலேருந்து கம்பி, ஷீட்டு எல்லாம் வண்டியில வந்து எறங்கிச்சு. பழைய செவுத்துல துளை போட்ட தூசி தெரு முழுக்க. கதவையும் ஜன்னலையும் பழைய சாமான் வாங்குற ஆளு ஒருத்தன் சின்ன லாரியோட வந்து ஏத்திக்கினு போனான். நான் அன்னிக்கு அங்க இருந்தேன். லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி மேரிம்மா ஒரு ஈரத்துணிய எடுத்துக்கினு வந்து ஜன்னல் பட்டிய ஒவ்வொண்ணா தொடைச்சுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போற புள்ளைக்கு மூஞ்சி தொடைக்கிற மாதிரி. "விக்கிற பொருளுக்கு எதுக்கும்மா இது?"ன்னு அந்த ஆளு சிரிச்சான். "அழுக்கா குடுக்கக் கூடாதுப்பா"ன்னுச்சு.

வேல முடிஞ்சு மொத நாள் நான் போறேன், வூட்டையே காணோம். சத்தியமா தாண்டிப் போயிட்டேன். தெருக்கோடி வரைக்கும் போயி திரும்பி வந்தேன். கண்ணாடியில ஒரு பொம்பள தலையில அன்னக்கூடையோட நிக்கிறா, யாரு இதுன்னு பாத்தா நானு. தட்டறதுக்கு எடம் இல்ல. கேட்டுல வெள்ளையா ஒரு பெல்லு பட்டன் இருந்துச்சு. மீன் கையால அதத் தொட எனக்கு மனசு வரல. "மேரிம்மா, மேரிம்மா"ன்னு தொண்ட கிழிய கூப்பிட்டேன். எதிர்வூட்டு நாயி வந்துச்சு, மேரிம்மா வரல. நான் கெளம்பிட்டேன்.

மறுநாள் பாத்தா வாசல்லயே நிக்குது. முகம் சிவந்து போயி இருக்குது.

"நேத்து ஏன்டி போயிட்ட?"

"கூப்பிட்டேனேம்மா."

"பாத்தேன். உன் வாயி அசையுது, சத்தம் கேக்கல. எழுந்து கேட்டத் தொறக்கறதுக்குள்ள போயிட்ட."

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. உள்ளேருந்து பாத்தா எல்லாம் தெரியுது. பூக்காரி போறா, பாதர் வண்டியில போறாரு, பொம்பளைங்க நின்னு பேசுறாங்க. ஒண்ணும் காதுல வுழாது. தெருவே அந்தம்மாவுக்குச் சத்தம் இல்லாத டிவி ஆயிடுச்சு. தெருவுல போறவங்களும் கண்ணாடியில தலைமுடிய சரி பண்ணிக்கினு போயிடுறாங்க. உள்ள ஒரு மனுஷி உக்காந்திருக்கான்னு யாருக்குத் தெரியும்? முன்ன ஜன்னலாண்ட நின்னு கதை பேசினவங்க, "மேரியம்மாவுக்கு இப்ப வசதி வந்துடுச்சு, நம்மகிட்ட எங்க பேசப்போவுது"ன்னு சொல்லிட்டாங்க. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. அடிப்பாவிங்களா, அந்தப் பெல்ல அமுத்தினா வெரலா தேஞ்சுடும்? அப்படின்னு கேட்டுட்டு நானும் அமுத்தாம தான் போனேன்.

ஒருநாள் தபசு காலத்து வெள்ளிக்கிழம. அன்னிக்குக் கிறிஸ்தவங்க வூட்டுல கறி எடுக்கமாட்டாங்க, மீனுக்கு கிராக்கி, எனக்கு நேரமாயிடுச்சு. பொழுது உச்சிக்கு வந்தப்ப தான் அந்தத் தெருவுக்குப் போனேன். கேட்டப் புடிச்சிக்கினு நிக்குது. "காலையிலேருந்து நீதான்டி மொத ஆளு, எங்கிட்ட பேசுறது"ன்னு சொல்லிச்சு. சொல்லிட்டு, "பரவால்ல, ஜூலை வரட்டும்"ன்னு அதுவே சிரிச்சுக்கிச்சு.

ஜூலையும் வந்துச்சு. மேரிம்மா புது மெத்த வாங்கிப் போட்டுச்சு. புள்ளைங்களுக்குன்னு கலர் கலரா போர்வ. எங்கிட்ட ஒரு மாசம் முன்னாடியே நண்டு சொல்லி வச்சுது. மெரினுக்கு நண்டுன்னா உயிரு. "சதை புடிச்ச நண்டா கொண்டு வாடி, ஓடு மட்டும் பெருசா இருக்கிறத எங்கிட்ட தள்ளிடாத." வந்து எறங்குன அன்னிக்குக் காலையில நானும் போயிப் பாத்தேன். மெரின் அம்மாவக் கட்டிப்புடிச்சிக்கினு வுடவே இல்ல. வூட்டுக்கு எதுர நிக்க வச்சுப் படம் படமா புடிச்சுது. "அம்மா, நம்ம வூடாம்மா இது?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. மேரிம்மா பல்லெல்லாம் தெரியச் சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.

மறுநாள் சொன்ன மாதிரி நண்டு கொண்டு போனேன். கேட்டு தொறந்து கெடக்குது. உள்ள புது மெத்த மேல மடிச்ச போர்வ மடிச்சபடி இருக்குது. மேரிம்மா மட்டும் சாப்பாட்டு மேசையாண்ட உக்காந்திருக்குது.

"எங்கம்மா எல்லாரும்?"

"ஓட்டலுக்குப் போயிட்டாங்கடி."

அது மேற்குப் பாத்த வூடு. மத்தியான வெயில் கண்ணாடியில நேரா அடிச்சிருக்குது. காத்து வர ஒரு சந்து கிடையாது. வூடு அடுப்பு மேல வச்ச சட்டி மாதிரி ஆயிடுச்சு. மேரிம்மா கரண்டு பில்லுக்குப் பயந்து அதுவரைக்கும் தொடாத ஏசிய எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டதும் கரண்டு பட்டுன்னு போயிடுச்சு. ஆளு வந்து பாத்துட்டு, பழைய வயரு இந்த லோடு தாங்காது, எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்லிட்டான். முன்பக்கத்துக்கு அவ்ளோ செலவு பண்ணவங்க உள்ள இருக்கிற வயர யோசிக்கவே இல்ல. சின்னவன் வேர்க்குரு வந்து வாந்தி எடுத்திருக்கான். பொழுது சாயறதுக்குள்ள மாப்பிள்ள போன்ல பாத்து ரூம் போட்டுட்டாரு. கடற்கரைப் பக்கம், பழைய வெள்ளக்காரன் வூட்ட ஓட்டலாக்கினது. கெட்டிச் செவுரு, உசந்த கூரை, உள்ள போனாலே குளுகுளுன்னு இருக்குமாம். "வயரு சரி பண்ற வரைக்கும் தாம்மா, ரெண்டு நாளு"ன்னு மெரின் அழுதுக்கினே போச்சாம்.

நான் நண்டக் கீழ வச்சேன். "இத இன்னா பண்றது?"

"ஆக்குவேன். புள்ள கேட்டுதுல்ல."

அத்தனையும் ஆக்குச்சு. தூக்குல ஊத்திக்கினு, "மூட்டு வலிக்குதுடி, கூட வா"ன்னு என்னையும் ஆட்டோவுல ஏத்திக்கிச்சு. அன்னக்கூடைய அந்த வூட்டு வாசல்லயே போட்டுட்டுப் போனேன். ஓட்டல் வாசல்ல நின்ன வாட்ச்மேன் என் சேலையப் பாத்து மூக்கச் சுளிச்சான். "என்கூட வந்தவ"ன்னு மேரிம்மா சொன்னதும் வழி வுட்டான்.

ரூமு நெசமாவே குளுமையா இருந்துச்சு. பெரிய கட்டிலு. கட்டிலுக்குத் தலைமாட்டுல, செவுத்துல, ஒரு ஜன்னல் மாட்டி வச்சிருக்குது. பச்சை ஜன்னல். பெயிண்ட பாதி சுரண்டி, வேணும்னே பழசு மாதிரி பாலீஷ் போட்டிருக்கான். நான் தான் மொதல்ல பாத்தேன். கீழ்ப்பட்டியில சைக்கிள் கம்பி. அதுக்கு மேல, பெயிண்டு போயி பளபளன்னு ஒரு எடம். நான் வருஷக்கணக்கா தட்டின எடம் எனக்குத் தெரியாதா? தெருப்பக்கம் இருந்தது இப்ப ரூம் பக்கம் திரும்பி இருக்குது.

மேரிம்மாவப் பாத்தேன். அதுவும் பாத்துடுச்சு. தூக்குச்சட்டிய மெல்லமா கீழ வச்சுது.

மெரின் ஓடி வந்துச்சு. "அம்மா, இதப் பாரேன். பழைய பாண்டிச்சேரி வூட்டு ஜன்னலாம். எவ்ளோ அழகா இருக்கு பாத்தியா? இவருக்கு இந்த மாதிரி பழசுன்னா உயிரும்மா. சின்னவன் இதுக்குக் கீழ தான் படுப்பேன்னு அடம் புடிச்சு என் எடத்தப் புடுங்கிக்கினான், நான் அவன் பக்கத்துலயே படுத்துக்கினேன். நேத்து நல்லாத் தூங்கினோம்."

உள்பக்கத்தப் பாத்தே வளந்த பொண்ணுக்கு, பக்கம் திருப்பி பாலீஷ் போட்டதும் அடையாளம் தெரியல. வெண்ணெய்ய கையில வச்சிக்கினு நெய்க்கு அலைஞ்ச கதைன்னு சொல்லுவாங்க. இது வெண்ணெய்ய வித்துட்டு அதே வெண்ணெய்ய வாடகைக்கு எடுத்த கதை. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. "ஏம்மா மெரினு, இந்தக் கம்பி..."ன்னு ஆரம்பிச்சேன்.

"அஞ்சல, நண்டு ஆறுது. தட்ட எடு"ன்னு மேரிம்மா என்னத் தடுத்துடுச்சு.

அப்புறம் கட்டிலு ஓரமா முட்டி போட்டு, கைய நீட்டி அந்தக் குச்சியத் தூக்குச்சு. பட்டியெல்லாம் தொறந்துக்கிச்சு. பின்னாடி வெள்ளைச் செவுரு. அதையே கொஞ்ச நேரம் பாத்துச்சு. அது அந்த ஜன்னலுக்கு உள்ளேருந்து தெருவப் பாத்தே வாழ்ந்த மனுஷி. வெளிப்பக்கமா நின்னு பாத்து எனக்கு ஞாபகம் இல்ல. மறுபடி குச்சிய எறக்கிடுச்சு.

"நல்லா இருக்குது"ன்னு சொல்லுச்சு.

புள்ளைங்க காரம்னு நண்டத் தொடல. மெரின் தரையில உக்காந்து, ஓட்டக் கடிச்சு, கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி ஊத்த ஊத்த சாப்பிட்டுச்சு. மாப்பிள்ள ரெண்டு வாய் சாப்பிட்டு 'மெர்சி, அத்தை'ன்னு அவங்க பாஷையில நன்றி சொன்னாரு. எல்லாம் நல்ல சனங்க தான். யாரத் திட்டறதுன்னு தெரியாம நான் மூலையில நின்னேன்.

ஆட்டோவுல வரப்ப புடிச்சுக் கேட்டேன். "வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த? உன் வூட்டு ஜன்னல்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"சொன்னா அவ அழுவாடி. தன்னாலதான் போச்சுன்னு நெனப்பா. அழறதுக்கா அவ்ளோ தூரத்துலேருந்து வந்தா?"

"நீ அழுதா பரவால்லயா?"

மேரிம்மா கடல் பக்கமா மூஞ்சத் திருப்பிக்கிச்சு.

வயரு மாத்த வரேன்னவன் இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சான். ரெண்டு நாளு ஒரு வாரமாச்சு, ஒரு வாரம் லீவு முடியற வரைக்கும் ஆச்சு. காலையில ஒரு எட்டு வருவாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்பிடுவாங்க. புது மெத்தையில ஒருத்தரும் ஒரு ராத்திரி படுக்கல. ஆகஸ்டு மாசம் வர்ற மாதா திருநாளுக்கு முன்னாடியே பிளைட்டு. அடுத்த தடவையும் அதே ரூம் தான் வேணும்னு சின்னவன் சொல்லிட்டுப் போனானாம்.

அவங்க போன மறுநாள் நான் அந்தத் தெருவுக்குள்ள நொழையறேன், கேட்டுக்கு வெளியில, தெருவுல, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுல மேரிம்மா உக்காந்திருக்குது. பின்னாடி கண்ணாடியில அதோட முதுகு தெரியுது, தெரு தெரியுது, நானும் வரது தெரியுது.

"இன்னாம்மா, வெளிய வந்து உக்காந்துட்ட?"

"உள்ள இருந்தா நீ வரது கேக்காதுல்ல."

அன்னக்கூடைய எறக்கி வச்சேன். வாய வச்சிக்கினு சும்மா இருக்க எனக்கு வராது. மனசு ஆறாம கேட்டுட்டேன். "ஒரு மாசம் படுத்து எழுந்திரிக்கணும்னு சொன்னியேம்மா. ஒரு ராத்திரி கூட உன் வூட்டுல படுக்காம போயிட்டாளே உன் பொண்ணு."

மேரிம்மா முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த நோட்ட அவுத்துச்சு. மடிப்பு நீவிச்சு. என் மூஞ்சப் பாக்கல.

"ஏன் படுக்கல? நம்ம ஜன்னலுக்குக் கீழ தானடி படுத்தா"ன்னுச்சு.

அப்புறம், "நெத்திலி ஒரு கை போடு, போணி பண்றேன்"ன்னு விரல் நுனியில நோட்ட நீட்டிச்சு, எப்பவும் பட்டி இடுக்குல நீட்டுற மாதிரியே. நான் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கினு, அந்தம்மா காலாண்டயே தரையில உக்காந்துட்டேன். அன்னிக்கு மீன் விக்கப் போவல.